பிஸ்கற் ரின்னுக்குள் 43 பிளொப்பிகள்: வீட்டில் வாசிப்பதா, கடைக்குக் கொடுப்பதா, கொழும்புக்கு அனுப்புவதா?

எங்கள் ஊர் வாசிகசாலையின் இரும்பு அலுமாரித் திறப்பு தொலைந்து எட்டு வருடம் இருக்கும். இந்த வருடம் மாசியில் அதை உடைத்தே திறக்க வேண்டி வந்தது. காரணம் காணி. வாசிகசாலை நிற்கும் இரண்டு பரப்பையும் 1950களில் நன்கொடையாக எழுதித் தந்தவருடைய பேரன் கனடாவிலிருந்து வந்திருந்தார். "அந்தக் காணி உறுதியின்ர இலக்கம் உங்களிட்ட இருக்கும்தானே அண்ணை?" என்று கேட்டார். இருக்கத்தான் வேண்டும். எங்கே இருக்கிறது என்பதுதான் ஒருவருக்கும் தெரியவில்லை.

அலுமாரிக்குள் உறுதி இல்லை. ஒரு பிஸ்கற் ரின் இருந்தது. அதற்குள் 43 பிளொப்பிகள், 17 சீடிகள், ஒரு ஸிப் வட்டு, இரண்டு மினி டீவி கசற்றுகள், பழைய கணினியிலிருந்து கழற்றி வைத்த ஒரு ஹார்ட் டிஸ்க். சிலவற்றில் பேனையால் எழுதிய பெயர் இருந்தது. பலவற்றில் "முக்கியம்" என்று மட்டும் இருந்தது. எது முக்கியம், யாருக்கு முக்கியம் என்று எழுத எவருக்கும் தோன்றவில்லை.

நிர்வாக சபை அன்றைக்கே மூன்று கட்சியாகப் பிரிந்துவிட்டது. பொருளாளர் மாஸ்டர், "தம்பி, உதெல்லாத்தையும் ஒரு பென் ட்ரைவில ஏத்திவிட்டா அலுவல் முடிஞ்சுது" என்றார். விளையாட்டுக் கழகத்து இளைஞர்கள் கொழும்பில் தரவு மீட்டுத் தரும் இடத்துக்கு மொத்தமாக அனுப்பலாம் என்றார்கள். தலைவர், "உது இனி ஆருக்குத் தேவை?" என்று மெதுவாகக் கேட்டார். அதுவும் ஒரு தெரிவுதான். எது சரி என்று ஒப்பிட்டுச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. இப்படியொரு ரின் எங்கள் ஊரில் மட்டும் இருக்காது என்பதால் பார்த்ததை எழுதி வைக்கிறேன். யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும், போரில் மூடிக்கிடந்த ஏ9 பாதை 2002 இல் திறந்த பிறகு கணினிகள் ஊர் ஊராக வந்து சேர்ந்தன. 1990களின் பெரும்பகுதியை மின்சாரம் இல்லாமல் கழித்த குடாநாடு, கிடைத்த பதிவேடுகளையெல்லாம் ஆசையோடு ரைப் பண்ணி பிளொப்பியில் ஏற்றியது. கோயில், பாடசாலை, கூட்டுறவுச் சங்கம், மரண சகாய நிதி என்று எல்லா இடத்திலும் அந்தக் காலத்து வட்டுகள் அலுமாரிக்குள் கிடக்கின்றன.

தெரிவுகளுக்குப் போகுமுன் ஒன்று. எந்தக் கருவி, எந்தக் கடை, எவ்வளவு காசு என்று தொடங்கினால் வழி தவறும். நான் முதலில் அப்படித்தான் தொடங்கி இரண்டு கிழமையை வீணாக்கினேன். முதற் கேள்வி, இந்த வட்டில் இருப்பது வேறு எங்காவது கடதாசியில் இருக்கிறதா என்பது. இருந்தால் வட்டு காத்திருக்கலாம், காத்திருந்து செத்தாலும் பெரிய நட்டமில்லை. இல்லாவிட்டால் காசும் நேரமும் அதற்குத்தான் முதலில் போக வேண்டும்.

ஸிப் வட்டை எடுத்துக்கொள்வோம். ஐயோமெகா நிறுவனம் 1990களின் நடுவில் விற்ற 100 மெகாபைட் வட்டு அது. அதை வாசிக்கும் ட்ரைவ் யாழ்ப்பாணத்தில் தேடி எனக்குக் கிடைக்கவில்லை. வெளியே கிடைத்தாலும் அந்த ட்ரைவுக்கு ஒரு பெயர்போன நோய் உண்டு. வாசிக்கும் தலை பழுதாகிக் 'கிளிக் கிளிக்' என்று சத்தம் போடும், போட்ட வட்டையும் கெடுக்கும். அதற்காக அமெரிக்காவில் 1998 இல் வழக்கே போட்டார்கள். சரி, எங்கள் ஸிப் வட்டில் என்ன இருந்தது? மேலே ஒட்டிய துண்டில் "பொன்விழா மலர், அச்சுக்கு" என்று இருந்தது. 2003 இல் அச்சான அந்த மலர் ஊரில் பத்து வீட்டிலாவது இருக்கும். என் மாமி வீட்டில் இரண்டு படிகள். ஆகவே ஸிப் வட்டை விட்டுவிட்டு மலரை ஸ்கேன் செய்தோம். ஒரு பின்னேரத்தில் முடிந்தது.

உறுப்பினர் பதிவேடு நேர்மாறான கதை. 1953 இலிருந்து கையால் எழுதி வந்த பெரிய பைண்டு கொப்பி அது. 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமம் முழுக்கத் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது அப்போதைய செயலாளர் அதைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போய்த் திரும்பவும் கொண்டுவந்தார். 2003, 2004 இல் ஒரு ரீச்சர் அதை ஒரு வரி விடாமல் ரைப் பண்ணினார். பிறகு கறையான் பிடித்தது. "கொம்பியூட்டரில ஏத்தியாச்சுத்தானே" என்று கொப்பியை எரித்துவிட்டார்கள். இடப்பெயர்வுக்குத் தப்பிய கொப்பி ஒரு தீக்குச்சிக்குத் தப்பவில்லை. ஆக, காணி விபரம் உட்பட அந்தப் பதிவேடு இன்று இருக்கக்கூடிய ஒரே இடம் அந்த 43 பிளொப்பிகளில் எதுவோ ஒன்று.

இப்போது தெரிவுகள். தலைவருடைய தெரிவு, அப்படியே விட்டுவிடுவது. அதை நான் கேலி செய்ய மாட்டேன். காசு செலவில்லை, பிழையாகக் கை வைத்துக் கெடுக்கவும் மாட்டோம். ஆனால் எங்கள் காலநிலை விடாது. ஐப்பசி, கார்த்திகை மாரியில் அலுமாரிக்குள் ஈரம் ஏறும். பிளொப்பியின் உள்ளே இருக்கும் வட்டில் வெள்ளைப் புள்ளியாகப் பூஞ்சணம் படரும். அதைவிட வேகமாக அழிவது வாசிக்கும் கருவி. சோனி 2011 இல் பிளொப்பி விற்பதை நிறுத்தியது. பிளொப்பியை எளிதில் கைவிடாத யப்பான் அரசே 2024 இல் அதைத் தன் விதிமுறைகளிலிருந்து ஏறக்குறைய முற்றாக நீக்கிவிட்டது. வட்டு இன்னும் பத்து வருடம் தாங்கலாம். அதைப் போட்டு வாசிக்கும் பொறி தாங்குமா என்பதே சந்தேகம்.

அடுத்தது நாங்களே வாசிப்பது. நான் அதிகம் சாய்வது இந்தப் பக்கம், அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். மூன்றரை அங்குல பிளொப்பிக்கு யூஎஸ்பியில் செருகும் ட்ரைவ் இணையத்தில் கிடைக்கிறது, கைக்கடங்கின விலைதான். 1.44 மெகாபைட் வட்டுகளை வாசிக்கும், 720 கிலோபைட் வட்டுகளையும் பெரும்பாலும் வாசிக்கும். அதற்கு முந்தைய ஐந்தேகால் அங்குல மெல்லிய வட்டு உங்களிடம் இருந்தால் இது உதவாது.

ட்ரைவ் கைக்கு வந்ததும் எல்லாரும் செய்யும் பிழை, முதல் வட்டை எடுத்து உள்ளே தள்ளுவது. முதலில் இரும்புத் தகட்டை விரலால் ஒதுக்கி, உள்ளே தெரியும் வட்டை வெளிச்சத்தில் சுற்றிப் பாருங்கள். ஹார்ட் டிஸ்க்கைப் போல் இல்லாமல் பிளொப்பியில் வாசிக்கும் தலை வட்டைத் தொட்டுக்கொண்டே ஓடும். ஒரு வட்டின் பூஞ்சணம் தலையில் ஒட்டி அடுத்த பத்து வட்டையும் கீறிவிடும். எங்களிடம் ஐந்தில் புள்ளி தெரிந்தது, அவற்றைத் தனியே ஒரு உறையில் போட்டுவிட்டேன். பிறகு மூலையிலுள்ள சிறு கதவைத் தள்ளித் துவாரம் தெரியும்படி வையுங்கள். துவாரம் திறந்திருந்தால் கணினி அதில் ஒன்றும் எழுத முடியாது. கடைசியாக, விண்டோஸ் "இந்த வட்டை ஃபார்மட் செய்யட்டுமா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வாசிக்கத் தெரியாத வட்டைக் கண்டால் அது அப்படித்தான் கேட்கும். அவசரத்தில் ஆம் என்று அமத்துகிறவர்கள் பலர்.

இன்னொன்று, ஃபைல்களை மட்டும் இழுத்துக் கொப்பி பண்ணாதீர்கள். வட்டு முழுவதையும் முதலிலிருந்து கடைசிவரை ஒரே பிம்பமாக எடுங்கள். 1.44 மெகாபைட் பிளொப்பி என்பது தலா 512 பைட் கொண்ட 2,880 துண்டுகள். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற இலவச நிரல் இருக்கிறது. அது நல்ல துண்டுகளை முதலில் அள்ளிவிட்டு, அடம்பிடிக்கும் துண்டுகளுக்குப் பிறகு திரும்பி வரும். எந்தத் துண்டு கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று ஒரு குறிப்பும் எழுதி வைக்கும். அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு அதே வட்டை வேறொரு ட்ரைவில் போட்டால் விடுபட்ட துண்டுகளை மட்டும் அது தேடும். ஒரு ட்ரைவுக்குப் புலப்படாதது இன்னொன்றுக்குப் புலப்படுவது சாதாரணம்.

இதைச் செய்துகொண்டிருந்தபோது எனக்குச் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையின் நினைவு வந்தது. 19 ஆம் நூற்றாண்டில் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பிக்க அவர் ஓர் ஊர் ஏட்டை மட்டும் நம்பவில்லை, பல ஊர் ஏடுகளைத் தேடி எடுத்து ஒப்பிட்டார். ஒன்றில் செல் அரித்த வரி இன்னொன்றில் முழுதாக இருக்கும். எங்களுக்கு ஒரே ஏடுதான், கண்ணைத்தான் மாற்றி மாற்றிப் பார்த்தோம். ஒரு புதிய யூஎஸ்பி ட்ரைவ், நண்பர் ஒருவர் வீட்டில் கிடந்த பழைய யூஎஸ்பி ட்ரைவ், ஒரு ரியூசன் சென்ரரின் பின்னறையில் கிடந்த மேசைக் கணினியின் உள் ட்ரைவ். பூஞ்சணம் இல்லாத 38 இல் 31 முதல் ட்ரைவிலேயே முழுதாக வந்தன. ஏழு குறையாக நின்றன. "உறுப்பினர் 3" என்று எழுதியிருந்த வட்டு அந்த ஏழில் ஒன்று. முதலிரண்டு ட்ரைவும் அதில் பத்தொன்பது துண்டுகளைக் கைவிட்டன. ரியூசன் சென்ரரின் கணினி, மின்விசிறி கரகரத்துக்கொண்டே, பத்தொன்பதையும் வாசித்தது.

செலவு ஒரு ட்ரைவின் விலையும் ஐந்து சனிக்கிழமையும். 43 வட்டையும் முழுதாகச் சேர்த்தாலும் 62 மெகாபைட்தான். திருவிழாவில் கைபேசியில் எடுக்கும் ஒரு நிமிட வீடியோ அவ்வளவு வரும்.

ரவுணிலுள்ள கடைக்குக் கொடுப்பது அடுத்த தெரிவு. நான் மாஸ்டர் சொன்னதற்காக ஆரம்பத்திலேயே ஒரு பிளொப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைத் தம்பி கெட்டிக்காரர், மனமும் நல்ல மனம். அடுத்த நாள், "வட்டில பிழை இருந்தது அண்ணை, திருத்தித் தந்திருக்கிறம்" என்றார். திருத்தியதுதான் பிழை. பழுதான வட்டில் விண்டோஸின் திருத்தும் நிரலை ஓட்டினால், அது வட்டின் அட்டவணையைத் தனக்குப் பிடித்தமாதிரி மாற்றி எழுதும். ஃபைல்களின் பெயர்கள் போய் வெறும் வரிசை எண்கள் மிஞ்சின. உள்ளே இருந்த கூட்ட அறிக்கைகள் பாதியில் வெட்டுண்டு ஒன்றின் வால் இன்னொன்றின் தலையில் ஒட்டிக்கொண்டு வந்தன. குறையாக நின்ற ஏழில் அதுவும் ஒன்று. அதை இன்றுவரை முழுதாகப் பிரித்தெடுக்க முடியவில்லை. கடைக்குக் கொடுத்தே ஆகவேண்டுமானால், "திருத்த வேண்டாம், பிம்பம் மட்டும் எடுத்துத் தாருங்கோ" என்று வாயால் சொல்லாமல் கடதாசியில் எழுதிக் கொடுங்கள்.

கடை பற்றி எனக்குள்ள மற்றத் தயக்கம் இதைவிடப் பெரியது. எங்கள் பதிவேட்டில் அடையாள அட்டை இலக்கங்கள் இருக்கின்றன. யார் எந்த நாட்டுக்குப் போனார்கள், யார் எவ்வளவு காசு அனுப்பினார்கள், யாருக்கு எந்த நாளில் மரண சகாயம் கொடுத்தோம் என்றெல்லாம் இருக்கிறது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருப்பது ஒரு பக்கம். சட்டம் இல்லாவிட்டாலும், இந்த மண்ணில் பெயர்ப் பட்டியல் என்றால் என்ன என்று எங்கள் வயதுக்காரருக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. அந்தப் பட்டியல் முன்பின் தெரியாத ஒரு கணினியில் ஒரு படியாகத் தங்கிவிடுவதை நான் விரும்பவில்லை. வீட்டில் வாசிப்பதன் பக்கம் நான் சாய்ந்ததற்கு விலையைவிட இதுவே காரணம்.

மினி டீவி கசற்றுகளுக்கு மட்டும் இதில் விலக்கு. அவற்றில் இருந்தது ஊரே பார்த்த பொன்விழாக் கூட்டம், இரகசியம் ஒன்றுமில்லை. அவற்றை ஓட்ட அந்தக் காலத்துக் கமராவும், ஃபயர்வயர் துவாரமுள்ள கணினியும் வேண்டும். இரண்டையும் தூக்கி எறியாமல் வைத்திருக்கிறவர்கள் கலியாண வீடியோ எடுக்கும் பழைய ஸ்ரூடியோக்காரர்கள்தான். ஒரு மணி நேரக் கசற்றுக்கு ஒரு மணி நேரம் ஓட வேண்டும், 13 கிகாபைட் வரும். பக்கத்தூர் ஸ்ரூடியோவில் முடித்தோம்.

கொழும்புக்கு அனுப்புவதை இளைஞர்கள் எல்லாவற்றுக்குமான பதிலாகச் சொன்னார்கள். எனக்கு அது ஒரேயொரு பொருளுக்கான பதில். பிளொப்பிக்குக் கொழும்பு தேவையில்லை. அங்கே காசு கேட்பது தூசியில்லாத அறைக்கும், ஹார்ட் டிஸ்க்கைத் திறந்து தலை மாற்றத் தெரிந்த கைக்கும். எங்கள் ஹார்ட் டிஸ்க்கை ஒருமுறை, ஒரேயொரு முறை, கணினியோடு இணைக்கும் மாற்றியில் மாட்டிப் பார்த்தேன். உள்ளே தட்டுகிற சத்தம் கேட்டது. உடனே மின்சாரத்தை நிறுத்திவிட்டேன். அந்தச் சத்தம் கேட்ட பிறகு "இன்னொருக்கால் போட்டுப் பாப்பம்" என்பது தலையை இன்னொருதரம் தட்டில் உரச விடுவது. ஃப்ரிட்ஜில் வைத்தால் சரிவரும் என்று ஒருவர் சொன்னார். குளிரில் வைத்து எடுத்தால் உள்ளே நீர் கோக்கும், அவ்வளவுதான் நடக்கும்.

அந்த ஹார்ட் டிஸ்க்கில் 2005 இலிருந்து 2008 வரையான கணக்கும் படங்களும் இருந்தன. கணக்கு அறிக்கைகளின் கடதாசிப் படிகள் கிடைத்துவிட்டன. படங்கள் வேறு எங்கும் இல்லை. அந்தப் படங்களில் நிற்கும் பொடியளில் சிலர் இன்று இல்லை, அவர்களுடைய வீடுகளிலும் வேறு படம் இல்லை. சபையில் இதைச் சொன்னபோது, செலவைப் பற்றி மாஸ்டரும் ஒன்றும் பேசவில்லை. ஹார்ட் டிஸ்க்கை நானே இரவு பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோனேன். தபாலில் அனுப்பலாமா என்று கேட்பவர்களுக்கு: அனுப்பலாம், தடித்த பஞ்சுறையில். பிளொப்பியை பஸ்ஸில் கொண்டுபோனால் பாட்டுப் பெட்டிக்கு ஒட்டினாற்போல் வைக்காதீர்கள், ஸ்பீக்கரில் இருப்பது காந்தம். எக்ஸ்ரே இயந்திரத்துக்குப் பயப்பட வேண்டாம், அது காந்தப் பதிவைத் தொடாது.

முன்கூட்டியே விலை சொல்லும் இடத்தைவிட, பார்த்துவிட்டு விலை சொல்லி, தரவு கிடைக்காவிட்டால் காசு வேண்டாம் என்று எழுதித் தரும் இடம் நல்லது. எழுதித் தர வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம்.

வெளிநாட்டு உறவுக்கு அனுப்புவதும் ஒரு தெரிவு. எங்களுக்கு உறவில்லாத நாடு எது? ரொறொன்ரோவில் இருக்கும் ஒரு உறுப்பினரின் மகனுக்குப் பழைய கணினிகளில் பைத்தியம். அவரிடம் கிரீஸ்வீசல் என்ற சிறு பலகை இருக்கிறது. அது பிளொப்பியை ஃபைலாகவோ துண்டாகவோ பார்க்காது. தலைக்குக் கீழே ஓடும் காந்த மாற்றங்களை அப்படியே பதிந்து எடுக்கும், அதிலிருந்து கணினி நிதானமாகப் பிரித்து வாசிக்கும். யூஎஸ்பி ட்ரைவோடு அது வேலை செய்யாது, பட்டைக் கம்பி மாட்டும் பழைய உள் ட்ரைவ் வேண்டும். ஐந்தேகால் அங்குல வட்டுள்ளவர்களுக்கும் ஒழுங்கான வழி இதுதான். பூஞ்சணம் பிடித்த ஐந்துக்கும் குறையாக நின்றவற்றுக்கும் இதை யோசிக்கிறேன். முதற் தெரிவாக அல்ல. போகும் வழியில் பொதி தொலைந்தால் திரும்ப எடுக்க ஒன்றும் இருக்காது. எங்களால் ஆனமட்டும் பிம்பம் எடுத்த பிறகே எந்த வட்டும் ஊரைவிட்டுப் போகலாம் என்று சபையில் எழுதிக்கொண்டோம்.

சீடி பற்றி ஒரு எச்சரிக்கை போதும். சீடியின் தரவு இருப்பது பளபளக்கும் பக்கத்துக்கு அருகில் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது எழுத்து எழுதும் மேற்பக்கத்துக்கு நேர் கீழே, ஒரு மெல்லிய பூச்சின் மறைவில் இருக்கிறது. கீழ்ப்பக்கக் கீறலைத் தேய்த்தாவது சமாளிக்கலாம். மேற்பக்கம் உரிந்தால் தரவும் உரிந்துவிடும். ஆகவே ஒட்டிய ஸ்ரிக்கரைக் கழற்றாதீர்கள். 17 இல் 12 உடனே வந்தன, மூன்று வேறு ட்ரைவில் வந்தன. இரண்டில் மேல்தகடு பொருக்காக உதிர்ந்திருந்தது, அவற்றை அத்தோடு விட்டுவிட்டோம்.

வாசித்து எடுத்த பிறகு வந்த சிக்கலை நான் எதிர்பார்க்கவில்லை, யாழ்ப்பாணத்துக்காரனாக எதிர்பார்த்திருக்க வேண்டும். "உறுப்பினர் 3" வட்டின் ஃபைலைத் திறந்தால் திரை முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் காற்புள்ளியும். மாஸ்டர் எட்டிப் பார்த்து, "வைரஸ் திண்டிட்டுது" என்றார். வைரஸ் இல்லை, பாமினி. அந்தக் காலத்தில் இங்கே தமிழ் என்றால் பாமினி எழுத்துருதான். அது தமிழைத் தமிழாகச் சேமிக்கவில்லை, ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து காட்டியது. எழுத்துரு இல்லாத கணினியில் வேடம் கலைந்து ஆங்கிலம் நிற்கும். இதைப் பார்த்துவிட்டு வட்டே கெட்டுப்போனது என்று எத்தனை பேர் ஃபைலை அழித்தார்களோ.

மாற்றுவதற்கு எழுத்துரு மாற்றிகள் இருக்கின்றன. சுரதா என்பவர் இணையத்தில் இலவசமாகத் தந்த மாற்றியைப் பல வருடமாகப் பாவிக்கிறேன். பெயர்ப் பட்டியல் போன்றவற்றை இணையத்தில் ஒட்டாமல், இணைப்பில்லாத கணினியிலேயே மாற்றும் நிரலால் மாற்றுவது நல்லது. ஒரு கவனம்: பாமினி ஃபைலுக்கு நடுவில் உண்மையான ஆங்கிலமும் இருக்கும். மாற்றி அதையும் தமிழாக நினைத்து மாற்றும். எங்கள் பதிவேட்டில் லண்டன் முகவரிகள் எல்லாம் வாயில் நுழையாத தமிழாகிவிட்டன. ஆகவே மாற்றிய படி வேறு, மூலப்படி வேறு. மூலத்தையும் பாமினி எழுத்துருவின் ஃபைலையும் ஒரே கோப்புறையில் விட்டுவைத்தேன். பழைய வேர்ட், எக்செல், டிபேஸ் ஃபைல்களை லிப்ரே ஆபிஸ் பெரும்பாலும் திறந்துவிடும், பேஜ்மேக்கர் ஃபைல்களைக்கூடத் திறக்கிறது. விண்டோஸ் 98 உள்ள கணினியைத் தேடி அலையத் தேவையில்லை.

காணி விபரம் ஒருவாறு கிடைத்தது. உறுதி இலக்கம் என்ற கட்டத்தில் ரீச்சர் ஒன்றும் எழுதவில்லை, கொப்பியிலேயே மை கரைந்திருக்கும் போல. ஆனால் உறுதியை எழுதிய நொத்தாரிசின் பெயரும் 1957 பங்குனி என்பதும் இருந்தன. காணிப் பதிவகத்தில் தேடத் தொடங்க அது காணும் என்றார்கள்.

இனி எங்கே வைப்பது? மாஸ்டருடைய பென் ட்ரைவ் யோசனைக்கு நான் மரியாதையோடு தலையாட்டவில்லை. பென் ட்ரைவ் தரவைக் கொண்டு திரிய நல்லது, அடைகாக்க அல்ல. மின்சாரம் ஏற்றாமல் பல வருடம் லாச்சியில் கிடந்தால் உள்ளிருக்கும் மின்னேற்றம் மெல்லக் கசியும். கூகுள் ட்ரைவ் 15 கிகாபைட் இலவசம், எங்கள் பிளொப்பிகளுக்குத் தாராளம். ஆனால் இரண்டு வருடம் பாவிக்காத கணக்கை கூகுள் அழிக்கலாம். கணக்கைத் திறந்த பொடியன் வெளிநாடு போகும்போது கடவுச்சொல்லும் கூடவே விமானம் ஏறும், எங்கள் ஊரில் இது நடந்தே இருக்கிறது. வட்டில் கிடந்ததை மேகத்தில் ஏற்றுவதால் மட்டும் சிக்கல் தீராது, இடம்தான் மாறும்.

நாங்கள் பிடித்த ஒழுங்கு இது. இரண்டு புதிய வெளி ஹார்ட் டிஸ்க்குகள், ஒன்று வாசிகசாலையில், ஒன்று பக்கத்தூரில் உறுப்பினர் வீட்டில். அடையாள விபரம் இல்லாதவை மட்டும் இணையத்தில். மலர், கூட்டப் படங்கள் போன்ற பொதுவானவற்றை, 2005 இலிருந்து ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிமத்தில் சேர்த்துவரும் நூலகம் தளத்துக்குக் கொடுக்கப் பேசுகிறோம். ஒவ்வொரு ஃபைலுக்கும், உள்ளே இருப்பது மாறினால் தானும் மாறும் ஒரு கைரேகை எண் கணக்கிட்டு அட்டவணையாக வைத்திருக்கிறோம். தை மாதம் தோறும் திரும்பக் கணக்கிட்டு, மாறியிருந்தால் மற்ற ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எடுத்துச் சீர்செய்வது. உறுப்பினர் பதிவேட்டை மட்டும் நல்ல கடதாசியில் அச்சிட்டு பைண்டு பண்ணினோம், இரண்டு படிகள். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறக்குறைய 97,000 நூல்கள் எரிந்ததைப் பார்த்த ஊர் எங்களுடையது. கடதாசி மட்டும் போதும் என்று இங்கே ஒருவரும் சொல்ல மாட்டார்கள். கடதாசி வேண்டாம் என்றும் நான் சொல்ல மாட்டேன், மின்சாரமில்லாத நாளில் அதைத்தான் விளக்கு வெளிச்சத்தில் வாசிக்கலாம்.

பழைய பிளொப்பிகளை எறிய மாஸ்டர் கேட்டார். இல்லை என்றேன். சப்பாத்துப் பெட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைச் சேர்த்து, புதிய பெட்டியில் அடுக்கி, ஒவ்வொன்றிலும் இருப்பது என்ன, எந்தத் தேதி எந்த ட்ரைவில் வாசித்தோம் என்று எழுதிய தாளையும் உள்ளே வைத்தோம். பூஞ்சணம் பிடித்த ஐந்தும் தனி உறையில். அவற்றை ரொறொன்ரோவுக்கு அனுப்புவதா என்று ஆவணிப் பொதுக்கூட்டத்தில் கேட்க வேண்டும். ஹார்ட் டிஸ்க்குக்குக் கொழும்பிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. பெட்டி இப்போது என் வீட்டு அலுமாரியில், சுவரோடு ஒட்டாத தட்டில் இருக்கிறது. திறப்பு இரண்டு, ஒன்று மாஸ்டரிடம்.